பாசி பிடித்த கற்கள்: வில்வேட்டைப் புத்தகம் ஒன்றை முன்வைத்து

வேட்டையில் ரெண்டு இடம் உண்டு. மறைவில் உட்கார்ந்திருப்பவன் இடம் ஒன்று. புதரைத் தட்டிக் கலைத்து விடுகிறவன் இடம் இன்னொன்று. எங்க தாத்தா ரெண்டாவது இடத்துக்காரர். ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் முயலுக்கோ பன்றிக்கோ துப்பாக்கி எடுத்தால் சேரியிலிருந்து பத்துப் பேர் பறையோடு போயாக வேண்டும். காலில் முள் ஏற ஏறக் கத்திக்கொண்டே மிருகத்தை ஓட்டி வரவேண்டும். மறைவில் இருப்பவர் சுடுவார். கறி பெரிய வீட்டுக்கு. குடலும் தலையும் இவர்களுக்கு. "சுட்டவன் பேரு ஊரெல்லாம் சொல்லும். ஓட்டுனவன் பேரு எவன்டா சொன்னான்?" என்பார் தாத்தா.

அவர் கேட்ட இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒரு புத்தகத்தை வாசித்தேன். சாக்ஸ்டன் போப் என்கிற அமெரிக்க டாக்டர் எழுதி 1923இல் வெளிவந்தது. வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுவது பற்றியது. இன்றைக்கும் அமெரிக்க வில்வேட்டைக்காரர்களுக்கு அது வேதப் புத்தகம் மாதிரி. வேட்டைக்காரன் புத்தகத்தில் தலித் பத்திரிகைக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். அந்தப் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு அழிக்கப்பட்ட சனத்தின் கடைசி மனுசன் என்று சொல்லப்பட்டவனைப் பற்றியவை. வேலை அங்கேதான் இருக்கிறது.

1

முதலில் இந்த வேட்டை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். 1966இல் ஹாலஸ் ஆலன் என்கிற அமெரிக்கர், முனைகளில் சக்கரம் வைத்த வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969இல் கிடைத்தது. அந்த வில்லில் நாணை முழுக்க இழுத்த பிறகு பாரம் குறைந்துவிடும். இழுத்தபடியே நிதானமாகக் குறிபார்க்கலாம். இந்தச் சக்கர வில் வந்த பிறகுதான் பழைய நீள்வில்லுக்கும் வளைமுனை வில்லுக்கும் 'மரபு வில்' என்று ஒரு பெயர் தேவைப்பட்டது. அதுவரை அவை வெறும் வில்தான்.

மரபு வில்லை எடுத்தவர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். மான் 20 கஜத்துக்குள் வந்தால்தான் அம்பு விடுவது என்பது அவர்களில் பலருடைய கணக்கு. பலர் மரத்தில் பரண் கட்டி உட்காருவார்கள். சிலர் தரையிலேயே மறைவு கட்டுகிறார்கள். மான் தடத்துக்குக் காற்று போகாத பக்கமாக இடம் பார்க்கவேண்டும். தழையை முன்னால் மட்டும் குவித்தால் போதாது. முதுகுக்குப் பின்னாலும் அடர்த்தி வேண்டும், இல்லாவிட்டால் ஆள் உருவம் வானத்தில் வரைந்த மாதிரித் தெரிந்துவிடும். உட்கார்ந்தோ முட்டி போட்டோ விடவேண்டும் என்பதால் வில்லின் கீழ்முனை தரையில் இடிக்காத அளவு குட்டை வில் வேண்டும். மான் தலையைத் திருப்புகிற அந்த ஒரு நொடியில் இழுத்து விட்டாக வேண்டும். மணிக்கணக்கில் அசையாமல் இருந்து வெறுங்கையோடு திரும்புகிற நாட்களே அதிகம். 'நியாயமான வேட்டை' என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் சொல். மிருகத்துக்கும் தப்பிக்க வழி இருக்கவேண்டும் என்று அர்த்தம்.

இதில் மரியாதைக்குரியது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "நாங்கள் வேருக்குத் திரும்புகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது யாருடைய வேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

2

வடக்குக் கலிபோர்னியாவில், லாசன் மலையடிவாரத்தில், மில் கிரீக், டீர் கிரீக் என்கிற ஓடைகளின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள் யாஹி மக்கள். யானா என்கிற சனத்தின் தென் கிளை. சில நூறு பேர்தான். 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மான் மேய்ந்த இடத்தில் மாடு மேய்ந்தது. பசித்தவர்கள் மாட்டைப் பிடித்தார்கள். அதற்காக இவர்கள் வேட்டையாடப்பட்டார்கள். வேட்டை என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நாயை விட்டு மோப்பம் பிடித்துத்தான் கொன்றார்கள். 1871 வாக்கில் கிங்ஸ்லி குகை என்று இப்போது சொல்லப்படுகிற இடத்தில் சுமார் 30 பேரைச் சுட்டார்கள், கைக்குழந்தைகள் உள்பட. சுட்டவர்களில் ஒருவன், பெரிய துப்பாக்கி குழந்தைகளின் உடம்பை ரொம்பச் சிதைக்கிறது என்று நடுவில் கைத்துப்பாக்கிக்கு மாறிக்கொண்டான் என்று பதிவாகியிருக்கிறது. அவனுக்கும் ஒரு நியாயமான வேட்டை இருந்திருக்கிறது!

மிஞ்சியவர்கள் ஒளிந்தார்கள். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, சுமார் 40 வருசம். தடம் விழாமல் கல்லுக்குக் கல் தாவி நடந்தார்கள். புகை மேலே எழும்பாதபடி சின்னதாகத் தீ மூட்டினார்கள். 1908 நவம்பரில் அணைக்கட்டு நீர்மின் திட்டத்துக்காக நிலம் அளக்க வந்த கூட்டம் ஒன்று அவர்களுடைய கடைசிக் குடியிருப்பின் மேல் தடுக்கி விழுந்தது. கரடி ஒளியும் இடம் என்று அர்த்தம் வருகிற பெயர் அந்த இடத்துக்கு. நடக்க முடியாத ஒரு கிழவி போர்வைக்குள் கிடந்தாள். வந்தவர்கள் அவளைக் கொல்லவில்லை. கூடை, போர்வை, வில், அம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகப் பொருளாக எடுத்துக்கொண்டு போனார்கள். குளிர் காலம் தொடங்குகிற நேரம். வேட்டையாடிச் சாப்பிடுகிறவனிடமிருந்து வில்லை எடுத்துக்கொண்டு போவதற்கு 'ஞாபகப் பொருள்' என்று பேர்.

1911 ஆகஸ்டில் ஓரோவில் ஊரின் கசாப்புக் கொட்டகைப் பக்கம் ஒரு மனுசன் பிடிபட்டான். ஆள் எலும்பும் தோலும். ஷெரிஃப் அவனைச் சிறையில் வைத்தார். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மானிடவியலாளர் ஒருவர் வந்து பல்கலைக்கழக மியூசியத்துக்கு அழைத்துப் போனார். தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கம் இல்லை. அவன் கடைசிவரை சொல்லவுமில்லை. பேராசிரியர் குரோபர் 'இஷி' என்று வைத்தார். யானா மொழியில் மனுசன் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்கள் முன்னால் உட்கார்ந்து அம்புமுனை செதுக்கிக் காட்டினார் இஷி. மற்ற நாட்களில் மியூசியத்தைப் பெருக்கினார். துப்புரவு உதவியாளர் வேலை, மாதச் சம்பளம் 25 டாலர். தன் சனத்தின் சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிற கட்டடத்தில் தன்னையும் காட்டிக்கொண்டு, தரையையும் பெருக்கிக்கொண்டு ஒருவர் இருந்தார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை மருத்துவராக இருந்த போப், இஷியிடம் வில் கற்க வந்தார்.

3

போப்பின் எழுத்து நல்ல எழுத்து. அவருக்குக் கண் இருக்கிறது. இஷி ஜூனிபர் மரத்தைச் செதுக்கி, அதன் முதுகில் மானின் தசைநாரை ஒட்டி வில் செய்வதைப் படிப்படியாகச் சொல்கிறார். பாட்டில் கண்ணாடியை உடைத்து, கொம்பு முனையால் அழுத்தி அழுத்தி அம்புமுனை எடுப்பதைச் சொல்கிறார். மான் வேட்டைக்கு முந்தின நாள் இஷி மீன் தின்னமாட்டார், புகையிலை வாடை ஆகாது, விடிகாலையில் தலைமுழுகி வாய் கொப்பளித்து வெறும் வயிற்றோடு கிளம்புவார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். விரலை உதட்டில் வைத்து உறிஞ்சி, மாட்டிக்கொண்ட முயல் குட்டி மாதிரிக் கத்தி முயலை வரவழைப்பதை எழுதியிருக்கிறார். நாகரிகத்தில் கிடைத்த செருப்பு இஷிக்குப் பெருமைதான். ஆனால் காட்டில் அது குதிரை மாதிரிச் சத்தம் போடுகிறது என்று கழற்றிவிடுவார். இதையெல்லாம் போப் எழுதாமல் போயிருந்தால் யாஹி வில்லைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசவேண்டும்.

1914 மே மாதம் குரோபரும் போப்பும் மற்றவர்களும் இஷியை அவருடைய பழைய காட்டுக்கே கூட்டிப் போனார்கள். போக அவருக்கு மனசில்லை. செத்தவர்களின் காடு அது. ஆனாலும் போனார். அங்கே பழைய மான் தடங்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் கல் குவியல்களைக் காட்டினார். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் மறைகிற உயரம்தான். வில்லாளி பதுங்கும் இடங்கள் அவை. கல்லெல்லாம் பாசி ஏறிக் கிடந்தது, எவ்வளவு காலத்துப் பழசு என்று அதிலேயே தெரிந்தது என்று போப் குறித்திருக்கிறார். ஒரு கூட்டம் தூரத்தில் புதரைத் தட்டி ஓட்டிவர, கல்மறைவில் இருப்பவர்கள் அம்பு விடுவார்கள்.

இந்த இடத்தில் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டார். யாஹிகளிடமும் ஓட்டுகிறவன் உண்டு, பதுங்குகிறவன் உண்டு. ஆனால் ரெண்டு பேரும் ஒரே சனம். ஒரே சட்டி. இங்கே அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவில் சாதி நின்றது. மிருகத்தை ஓட்டுகிற பறை எங்கள் தோளில். விசையை அழுத்துகிற விரல் அவர்களுடையது.

போப் இந்தக் கற்களை வேட்டை நுட்பமாக மட்டுமே பார்க்கிறார். இஷியின் நிசப்தம், சருகு நொறுங்காத நடை, மணிக்கணக்கான பொறுமை எல்லாம் அவருக்கு ஆதிமனிதனின் இயற்கைக் கொடை. அப்பன் பாட்டன் வழியாக வந்த வித்தை அதில் உண்டுதான். ஆனால் இஷி பிறந்து வளர்ந்தது துப்பாக்கிக்கு ஒளிந்த காலத்தில். அந்தப் பையனுக்கு நடை கற்றுக்கொடுத்ததில் மானுக்குப் பாதிப் பங்கு என்றால் மாடு மேய்த்த வெள்ளைக்காரனுக்கு மீதிப் பங்கு. கல்லுக்குக் கல் தாவினது மானை ஏமாற்ற மட்டும் இல்லை. வேட்டையாடியவன் பதுங்கியதும் வேட்டையாடப்பட்டவன் பதுங்கியதும் ஒரே உடம்பில் நடந்திருக்கிறது. முதலாவதைப் புத்தகம் மூன்று அத்தியாயத்தில் கொண்டாடுகிறது. ரெண்டாவதை, படுகொலைகளைப் பற்றிச் சொல்கிற இடத்தில் வருத்தத்தோடு சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறது. ரெண்டையும் சேர்த்து அது வாசிக்கவே இல்லை. என் விமர்சனத்தின் மையம் இதுதான்.

1920இல் போப்பும் நண்பர் ஆர்தர் யங்கும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி வேட்டைக்குப் போனார்கள். வேட்டை தடை செய்யப்பட்ட பூங்கா. ஒரு அறிவியல் நிறுவனத்தின் காட்சிக் கூடத்துக்குக் கரடி வேண்டும் என்று அரசு அனுமதி கிடைத்தது. கரடி வரும் தடத்தில் மறைவு அமைத்துக் காத்திருந்தார்கள். அடித்தார்கள். இஷி செத்து நாலு வருசம் ஆகியிருந்தது. மாட்டைப் பிடித்த யாஹிக்குத் தோட்டா, கரடியை அடித்த டாக்டருக்கு அனுமதிச் சீட்டு. வில்லும் மறைவும் கிட்டத்தட்ட அதேதான். கைதான் வேறே.

4

நம் இலக்கியச் சண்டைகளுக்கு நேரடியாக உதவக்கூடிய ஒரு விசயம் புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

இஷியின் வில் குட்டை. சுமார் 42 அங்குலம். போப்புக்குப் பிடித்துப்போனதோ ஆள் உயர ஆங்கில நீள்வில். அவர் பல நாட்டு வில்களை எடுத்து எது எவ்வளவு தூரம் எறிகிறது என்று சோதித்து, ஆங்கில வில்தான் சிறந்தது என்று முடிவு கட்டினார். வட்டக் குறிப்பலகை வைத்து எய்தபோது இஷி சுமாராகத்தான் எய்தார் என்றும், கொஞ்ச நாளில் சீடர்கள் குருவை மிஞ்சிவிட்டார்கள் என்றும் எழுதுகிறார்.

ஆனால் அதே புத்தகத்தில் போப்பே சொல்கிறார், இஷி முட்டி போட்டோ குந்தியோ எய்வதையே விரும்புவார் என்று. கிட்டத்தில் நிற்கிற மிருகத்தைத்தான் எய்வார் என்று. இடுப்பளவுகூட இல்லாத கல்மறைவுக்குள் குந்தி, ஆள் உயர வில்லை வளைக்க முடியுமா? கீழ்முனை கல்லில் இடிக்கும், மேல்முனை மானுக்குக் கையாட்டும். அந்தக் கல்லையும் அந்த வில்லையும் சேர்த்துப் பார்த்தால்தான் வில் ஏன் குட்டை என்பது விளங்கும். போப் வில்லை மட்டும் மியூசியத்துக்கு எடுத்து வந்து, திறந்த மைதானத்தில் நின்றபடி இழுத்து, தூரத்தை அளந்து மார்க் போட்டார்.

தலித் எழுத்தில் கலை அமைதி இல்லை, சத்தம் ஜாஸ்தி, கொச்சை என்று மார்க் போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களும் எழுத்தை அதன் சேரியிலிருந்து பிடுங்கி மைதானத்தில் வைத்து அளந்தவர்கள்தான். எங்கே குந்தி, எதிலிருந்து ஒளிந்து, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதை நோக்கி எய்த அம்பு என்று கேட்காத அளவுகோல், எத்தனை நேர்மையாக அளந்தாலும் தப்பாகத்தான் அளக்கும். போப் பொய் சொல்லவில்லை. அவர் எண்கள் சரியாகவே இருக்கலாம். கேள்விதான் தப்பு.

இன்னொன்று. ஆங்கில முறையில் நாணை மூன்று விரலால் இழுப்பார்கள். போப் குழுவினர் அப்படித்தான். இஷி வலது கட்டைவிரலை மடக்கி, அதால் இழுப்பவர். கட்டைவிரல் என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருவார் என்று சொல்லத் தேவையில்லை. ஏகலைவன் கதையில் குரு கேட்டான், சீடன் அறுத்துக் கொடுத்தான். இங்கே கற்றுக்கொடுத்தவன் காட்டாளி, கற்றுக்கொண்டவன் டாக்டர். யார் குரு யார் சீடன் என்பது தலைகீழாக மாறியும் கொடுக்க வேண்டியவன் மட்டும் மாறவில்லை.

1916 மார்ச் 25ஆம் தேதி இஷி காசநோயில் இறந்தார். உடலை அறுக்கக்கூடாது என்று, அப்போது ஊரில் இல்லாத குரோபர் கடிதம் எழுதியிருந்தார். அது பலிக்கவில்லை. அறுத்தார்கள். மூளையைத் தனியாக எடுத்தார்கள். உடலை எரித்துச் சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். வில்லும் அம்பும் கூட வைத்தே அனுப்பினார்கள். ஆனால் மூளை போகவில்லை. 1917இல் அதே குரோபர் அதை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். துரோணன் பரவாயில்லை, கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டான்.

போப்பையும் குரோபரையும் வில்லன்களாக்குவது என் நோக்கம் இல்லை. அவர்கள் இஷியிடம் அன்பாக இருந்தார்கள். போப் அவருக்கு வைத்தியம் பார்த்தார். நம்மையெல்லாம் இஷி கெட்டிக்காரக் குழந்தைகளாகத்தான் மதித்தார் என்று போப்பே தன்னடக்கத்தோடு எழுதுகிறார். அன்பு இருந்தும் இது நடந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது. நம் பாட்டையும் பறையையும் கூத்தையும் அன்போடு பதிவுசெய்ய வருகிறவர்களைப் பார்க்கும்போது இந்தப் பயம் எனக்கு வரும்.

5

புத்தகத்தை போப் யாருக்குச் சமர்ப்பித்திருக்கிறார் தெரியுமா? ராபின் ஹூட்டுக்கு. இஷியில் தொடங்குகிற புத்தகத்தின் முதல் தாளில் இஷி இல்லை. ராபின் ஹூட்டும் காட்டில் ஒளிந்தவன். அவனும் வில்லாளி. ராஜாவின் மானைத் திருடி அடித்தவன். அந்தக் கள்ளன் பாட்டாகி, கதையாகி, ஒவ்வொரு இளைஞன் நெஞ்சிலும் குடியிருக்கிற வீரன் ஆகிவிட்டான். மாடு பிடித்த யாஹி கடைசி காட்டுமிராண்டி ஆனான். ரெண்டு பேர் செய்ததும் ஒரே குற்றம்தான்.

1961இல் வில்வேட்டைக்காரர்கள் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் போப் அண்டு யங் கிளப். கொம்பின் அளவைக் கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்றுகிற சங்கம். டாக்டர் பெயர் சங்கத்துக்கு. அவர்கள் கொடுக்கிற ஆகப் பெரிய விருதுக்கு மட்டும் இஷி விருது என்று பெயர். தன் பெயரைச் சொல்லாமலே செத்தவன் மேல் யாரோ வைத்த பெயரை, கொம்புக்குக் கொடுக்கிற பரிசுக்கு வைத்திருக்கிறார்கள். அனிஷினாபே பூர்வகுடி எழுத்தாளர் ஜெரால்ட் விசனர் இந்தப் பெயரைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறார். இஷி என்பது மியூசியம் உண்டாக்கின ஆள், அதற்குப் பின்னால் நிற்கிற மனுசன் பிடி கொடுக்கவே இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தாத்தா கேள்வியை நான் அமெரிக்காவில் கண்டுபிடித்தது அங்கேதான்.

'கடைசி மனுசன்' என்கிற பட்டமும் நிற்கவில்லை. கலிபோர்னியப் பூர்வகுடிகள் 1990களில் மூளை எங்கே என்று கேட்டுப் போராடினார்கள். யானா வழிவந்தவர்கள் ரெடிங் ரான்செரியாவிலும் பிட் ரிவர் சனத்திலும் உயிரோடு இருக்கிறார்கள் என்று 1999இல் ஸ்மித்சோனியன் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. கடைசி ஆள் செத்துவிட்டான் என்றால் நிலத்துக்கும் கேட்பார் இல்லை, எலும்புக்கும் கேட்பார் இல்லை. அந்தச் சொல்லின் வசதி அது. பெர்க்லி வளாகத்தில் இருந்த குரோபர் பெயரிட்ட கட்டடத்திலிருந்து 2021இல் அந்தப் பெயர் எடுக்கப்பட்டது.

2000 ஆகஸ்டில் அவருடைய ஆட்கள் மூளையை வாங்கி வந்தார்கள். சாம்பலோடு சேர்த்து அவருடைய நாட்டிலேயே அடக்கம் செய்தார்கள். எந்த இடம் என்று வெளியில் சொல்லவில்லை.

அந்தக் காட்டுக்கு 1984இலேயே அரசாங்கம் இஷி வனம் என்று பெயர் வைத்துவிட்டது. வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். அவர் இருக்கிற இடத்தை யாரும் பார்க்க முடியாது. முதல் தடவையாக அவருடைய மறைவை அவருடைய சனமே கட்டிக் கொடுத்திருக்கிறது. இந்த முறை துப்பாக்கிக்குப் பயந்து இல்லை.